இண்டிகாவா, சட்டிவாவா: லைப்சிக் பால்கனிக்கு ஒரு பதில், கருங்கல் மாடிக்கு வேறொரு பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவமனையில் செவிலியர். அங்கே வயது வந்தவர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு மூன்று கஞ்சாச் செடிகள் வரை வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதால் தம்பிக்கு ஆசை வந்திருக்கிறது. விதைப் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள். இண்டிகா என்கிறார்கள், சட்டிவா என்கிறார்கள், கலப்பு என்கிறார்கள். எதை எடுப்பது? அண்ணனுக்கும் ஒரு துணைக் கேள்வி இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது தம்பி நாலைந்து விதை கொண்டுவந்தால், அம்மாவின் மூட்டுவலிக்காக மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் போட்டுவைக்கலாமா? போதை இல்லாத ரகமாகப் பார்த்து எடுத்தால் தப்பில்லைதானே?

பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வைக்காதீர்கள். எந்த ரகமானாலும் வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்குள் தம்பியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் தாவரவியல் இருக்கிறது. நான் கஞ்சா வளர்த்தவன் அல்லன். முப்பது வருடம் தாவரவியல் கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது விளையில் வாழையும் நல்லமிளகும் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆனால் ரகம் தேர்ந்தெடுப்பது என்பது எல்லாப் பயிருக்கும் ஒரே கணக்குதான். எந்த இடம், எவ்வளவு வெயில், எத்தனை நாள், விளைந்ததை என்ன செய்யப் போகிறோம் என்ற நாலும் தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாக அடிபட்டுவிடும்.

நம் ஊர்க் கடையில் போய் "ஒரு கிலோ வாழைப்பழம்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஏத்தனா, செந்துளுவனா, மட்டியா, பாளையங்கோடனா, ரசகதலியா என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர்களை நம்பியும் வாங்கலாம். மட்டி என்றால் மட்டிதான். 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வாழையின் பெயர் இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம், வாழை விதையிலிருந்து வருவதில்லை. தாய் மரத்தடியில் பிரிந்த கன்றுதான் அடுத்த வாழை. உங்கள் பாட்டி வைத்த மட்டியும் நீங்கள் வைக்கும் மட்டியும் மரபில் ஒரே செடியின் தொடர்ச்சி.

கஞ்சா அப்படி இல்லை. அது பெரும்பாலும் விதையில் விற்கப்படுகிறது. விதை என்றால் ஒவ்வொன்றும் ஒரு புதுப் பிள்ளை. மாங்கொட்டையைப் புதைத்தால் அதே மாம்பழம் வரும் என்று நம் ஊரில் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஒட்டுக்கன்றுதான் தேடுவோம். ஆனால் கஞ்சா விதைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்த கவர்ச்சியான பெயரை மட்டும் ஒட்டுமாங்கன்றின் பெயரைப் போல நம்பிவிடுகிறார்கள். 2015இல் கனடா ஆய்வாளர்கள் மரபணுவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே பெயரில் புழங்கிய மாதிரிகள் பல, தங்களுக்குள் இருந்ததைவிட வேறு பெயருள்ள மாதிரிகளோடு நெருக்கமாக இருந்தன. ஆகவே தம்பி பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயரின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விவரங்களைப் படிக்கட்டும்.

இனி இண்டிகா, சட்டிவா. இந்த இரண்டு சொல்லுக்கும் நம் கடற்கரையோடு ஒரு தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கொச்சியிலிருந்து மலபாரை ஆண்ட டச்சுக்காரர் வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு இப்பகுதித் தாவரங்களைப் படம் வரைந்து தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதியில் கஞ்சா, உள்ளூர்ப் பெயருடனேயே இருக்கிறது. பிறகு 1753இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிட்ட செடியை வைத்து சட்டிவா என்று பெயரிட்டார். பயிரிடப்படுவது என்றுதான் அதற்குப் பொருள். 1785இல் பிரெஞ்சுக்காரர் லாமார்க் தன்னிடம் வந்த இந்திய மாதிரிகளைப் பார்த்தார். அவற்றை அனுப்பியவர் சொன்னேரா, புதுச்சேரிப் பக்கம் சுற்றியவர். இலை குறுகலாக, மணம் கடுமையாக, நார் குறைவாக, தலையைச் சுற்ற வைக்கும் குணத்தோடு இருந்த அந்தச் செடி ஐரோப்பியச் செடியிலிருந்து வேறுபட்டது என்று சொல்லி அதற்கு இண்டிகா என்று பெயர் வைத்தார். அதாவது முதல் இண்டிகா இந்தியாவின் வெப்பப் பகுதிச் செடி. ஒல்லியான இலை, உயரமான வளர்ச்சி.

இன்று விதை விற்பவரின் பட்டியலைப் பாருங்கள். குட்டையாக, அகல இலையோடு, சீக்கிரம் பூப்பது இண்டிகா. உயரமாக, ஒல்லி இலையோடு, பூக்கத் தாமதிப்பது சட்டிவா. அந்தக் குட்டைச் செடி ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. 1970களில் அங்கே போன அமெரிக்கத் தாவரவியலாளர் ரிச்சர்ட் இவான்ஸ் ஷல்டஸ் அந்த அகல இலைச் செடிக்கு இண்டிகா என்ற பெயரைப் பொருத்தினார். அது வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டது. விளைவு, லாமார்க் எந்தச் செடியைப் பார்த்து இண்டிகா என்றாரோ அந்தத் தென்னிந்தியச் செடியின் வம்சத்தை இன்று சட்டிவா என்று விற்கிறார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரனை வாடகைக்காரன் என்று எழுதிவைத்தது போல இருக்கிறது.

ஆகவே "இண்டிகா உடம்பைத் தளர்த்தும், சட்டிவா மூளையைத் தூக்கும்" என்று சொல்வதையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இலையின் அகலத்துக்கும் உள்ளே இருக்கும் வேதிப்பொருளுக்கும் உறுதியான உறவு கிடையாது. இரண்டு பொருள்களைத்தான் பார்க்க வேண்டும்: போதை தரும் டிஹெச்சி, போதை தராத சிபிடி. செடி இரண்டையும் ஒரே மூலச்சரக்கிலிருந்துதான் தயாரிக்கிறது. எந்த நொதி அதிகம் வேலை செய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறது. இதை வைத்து 1973 முதலே தாவரவியலாளர்கள் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: டிஹெச்சி மிகுந்தது, இரண்டும் ஏறக்குறைய சமமாக உள்ளது, சிபிடி மிகுந்தது. இண்டிகா, சட்டிவா என்ற தலைப்புகளை மறந்துவிட்டு இந்த மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்தாலே தம்பியின் குழப்பம் பெருமளவு தீரும். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வகையின் பக்கமே போக வேண்டாம் என்பேன். டிஹெச்சி இருபதுக்கு மேல், இருபத்தைந்துக்கு மேல் என்று சதவீதத்தைக் காட்டி விற்பது சாராயத்தின் காரத்தைக் காட்டி விற்பதைப் போலத்தான்.

மணமும் ஒரு தனிக் கணக்கு. கஞ்சாவின் வாசனை டெர்பீன்கள் என்ற எண்ணெய்ப் பொருள்களால் வருகிறது. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், மாங்காயிலும் எலுமிச்சைப் புல்லிலும் இருக்கும் மிர்சீன் எல்லாம் அதில் உண்டு. முக்கியமான ஒன்று காரியோஃபிலீன். இந்தப் பெயரே கிராம்பின் பழைய தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. மாறாமலையில் கிராம்பு காய வைத்திருக்கும் களத்துப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. நல்லமிளகின் மணத்திலும் அதே பொருள் இருக்கிறது.

அடுத்தது ஆண், பெண். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இதைப் புரிய வைக்க நம் மாவட்டத்தில் ஜாதிக்காயைத் தவிர நல்ல உதாரணம் இல்லை. விதையிலிருந்து ஜாதி வைத்து, ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் அது ஆண் மரம் என்று தெரியவரும்போது வரும் துக்கம் மலையோர விவசாயிகளுக்குத் தெரியும். அதனால்தான் ஒட்டு ஜாதிக்கு அந்த விலை. கஞ்சாவில் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் ஆண் செடி பூத்து மகரந்தம் பறந்தால் பெண் செடியெல்லாம் விதை கட்டிவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் பெண் விதை என்று தனியாக விற்கிறார்கள். வெள்ளி உப்புக் கரைசலால் பெண் செடியையே மகரந்தம் உதிர்க்க வைத்து, அந்த மகரந்தத்தை இன்னொரு பெண் செடியில் சேர்த்து எடுத்த விதை அது. ஆண் குரோமோசோம் எங்கிருந்தும் வர வழியில்லாததால் பிள்ளைகள் ஏறத்தாழ அத்தனையும் பெண். மூன்றே செடிதான் அனுமதி என்னும் நாட்டில் இரண்டு ஆணாகப் போனால் கதை முடிந்தது. தம்பி பெண் விதை என்று குறித்ததையே வாங்கட்டும். இல்லையென்றால் அங்குள்ள பதிவுபெற்ற வளர்ப்புச் சங்கங்களில் பதியன் தருகிறார்கள். வாழைக்கன்றைப் போல, மிளகுக்கொடியைப் போல அது தாயின் நகல். பெயரை நம்பலாம் என்றால் பதியனில்தான் நம்பலாம்.

இனி வெயில். ரகத் தேர்வில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை வடக்கே. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான். லைப்சிக் ஐம்பத்தோராவது பாகை. ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல், டிசம்பரில் எட்டு மணி நேரம்தான். கஞ்சாவின் பெரும்பாலான ரகங்கள் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கின்றன. நம் பழைய சம்பா நெல்லைப் போல. பகல் குறையத் தொடங்கியதைப் பார்த்தால்தான் கதிர் வாங்கும், எப்போது நட்டாலும் அதன் காலத்துக்குத்தான் அறுப்பு. கஞ்சாவின் வெப்பமண்டல ரகங்கள் பூக்கத் தொடங்கியபின் முதிர்வதற்கே பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் எடுத்துக்கொள்ளும். கேரளத்து மலைச் செடியின் வம்சம் என்று சொல்லி விற்கும் விதையை ஊர்ப்பாசத்தில் தம்பி வாங்கி லைப்சிக் பால்கனியில் வைத்தால், ஆகஸ்டில் ஆள் உயரம் தாண்டி நிற்கும். மொட்டு வைப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும். முதிர வேண்டிய டிசம்பரில் வெளியே உறைபனி இருக்கும். இலையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

ரஷ்யப் புல்வெளிகளில் காடாக வளரும் இன்னொரு வகை உண்டு. 1924இல் யானிஷெவ்ஸ்கி அதற்கு ரூடராலிஸ் என்று பெயர் வைத்தார். கோடை மிகக் குறுகிய இடத்தில் பிழைக்க வேண்டியிருந்ததால் அது பகலின் நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டது. வயது வந்ததும் பூக்கும், அவ்வளவுதான். அந்தக் குணத்தை மற்ற ரகங்களோடு கலந்து எடுத்தவற்றைத் தானாகப் பூக்கும் ரகம் என்று விற்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் அம்பை 16 நெல் போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்தில் எதுவானாலும் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து நாளில் அறுத்துவிடலாம் என்று நாள் எண்ணிச் சொல்கிறோமே, அந்த மாதிரி. தானாகப் பூக்கும் கஞ்சா விதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும், குட்டையாகவும் நிற்கும்.

லைப்சிக் பால்கனிக்கு என் தேர்வு அதுதான். காரணம் குளிர் மட்டும் இல்லை. அந்த ஊரின் இலையுதிர்கால மழையில் சாம்பல் பூசணம் என்று ஒரு நோய் வரும். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழிப்பதும் அதே பூசணம்தான். பூங்கொத்து கெட்டியாக இருக்கும் ரகங்களில் உள்ளே ஈரம் தங்கி, மேலே நன்றாகத் தெரியும்போதே நடுவில் அழுகியிருக்கும். மே நடுவில் வெளியே வைத்து ஆகஸ்டில் முடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மே நடு என்று சொன்னதற்கும் கணக்கு உண்டு. ஜெர்மன் தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரை வரும் ஐந்து புனிதர்களின் திருநாள்களைப் பனிப் புனிதர்கள் என்று சொல்வார்கள். கடைசி நாள் புனித சோபியாவுடையது. அது கடக்கும் வரை மென்செடி எதையும் வெளியே வைக்க மாட்டார்கள். நாம் ஆடிப்பட்டம் தேடி விதைப்பதைப் போல அவர்களுக்கு அது. கருங்கல்காரருக்குப் புனிதர்களின் திருநாளை நினைவில் வைத்துக்கொள்வது சிரமமாக இருக்காது.

மகசூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலில் செடிக்கு இத்தனை நூறு கிராம் என்று பெருமையடித்திருக்கும். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி ஒருவர் வீட்டில் காய்ந்த நிலையில் 50 கிராமுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதிகம் விளைந்தால் அழிக்க வேண்டும். நண்பருக்கு இலவசமாகக் கொடுப்பதுகூடக் குற்றம். அப்படியிருக்க, மகசூல் மிகுந்த ரகம் தம்பிக்கு எதற்கு? மூன்று செடி அனுமதி உண்டு என்பதற்காக மூன்றும் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சின்னச் செடி போதும்.

அந்தச் சட்டத்தில் தம்பி கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. குறைந்தது ஆறு மாதம் அந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். செடி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விதையை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரவழைக்கலாம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வண்டி ஓட்டுகிறவர் என்றால் இரத்தத்தில் டிஹெச்சி அளவுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம் என்று 2024 ஆகஸ்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. இரவுப் பணி முடித்து மறுநாள் நோயாளியின் கையில் ஊசி ஏற்ற வேண்டியவர் எந்த ரகத்தை எடுப்பது என்பதற்கு முன்னால், எடுக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்திருந்தால் டிஹெச்சி மிகுந்த எதையும் தொடவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரியவன் சொல்லும் புத்திமதி என்று தம்பி சிரித்தாலும் பரவாயில்லை. சட்டம் மாறிக்கொண்டும் இருக்கும், ஆகவே விதை வாங்கும் நாளில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி கருங்கல் மாடிக்கு வருவோம்.

இந்தியாவில் இதை ஆள்வது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். அதைப் பற்றி நம் ஊரில் மூன்று தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. மூன்றையும் நான் டீக்கடையிலேயே கேட்டிருக்கிறேன்.

"இலை குற்றமில்லை, பூ மட்டும்தான் குற்றம்" என்பது ஒன்று. பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்தானது. கஞ்சா என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் பூ அல்லது காய்த்த நுனி வரும். நுனியோடு சேராத இலையும் விதையும் வராது. வட மாநிலங்களில் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடைகள் நடப்பது இந்த ஓட்டையில்தான். ஆனால் அது பொருளைப் பற்றிய வரையறை. பயிரிடுவதற்குத் தனித் தடை இருக்கிறது. அங்கே சட்டம் பேசுவது இலையையோ பூவையோ பற்றி இல்லை, செடியைப் பற்றி. விதை பொட்டலத்தில் இருக்கும்வரை ஒரு கதை, தொட்டியில் முளைவிட்டதும் வேறு கதை.

"போதை இல்லாத சிபிடி ரகம் என்றால் சட்டம் பிடிக்காது" என்பது இரண்டாவது. கஞ்சாச் செடி என்றால் கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதில் சிபிடி, டிஹெச்சி என்ற பேச்சே இல்லை. ரகத்தைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தாலும் பேரினம் மாறப்போவதில்லை. உத்தராகண்டில் 2018 முதல் நாருக்காகவும் விதைக்காகவும் உரிமம் கொடுத்துப் பயிரிட விடுகிறார்கள், டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 0.3 என்ற கோடு 1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் வகைப்படுத்தும் வசதிக்காகப் போட்டது. தற்போக்கில் எடுத்துக்கொண்ட எண் என்று அவர்களே சொன்ன ஒன்றை நாடு நாடாகச் சட்டமாக்கிவிட்டார்கள். அது கிடக்கட்டும். உத்தராகண்டின் அந்த உரிமமும் விவசாயத்துக்கானது. தமிழ்நாட்டில் மொட்டைமாடித் தொட்டிக்கு உரிமம் என்று ஒன்று கிடையாது.

"ஒரே ஒரு செடிதானே, சின்ன அளவு, அபராதத்தோடு போகும்" என்பது மூன்றாவது. கையில் வைத்திருக்கும் கஞ்சாவுக்குச் சிறிய அளவு, வணிக அளவு என்று படிநிலை உண்டு. ஒரு கிலோ வரை சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. பயிரிடுவதற்கு அந்தப் படிநிலை இல்லை. இருபதாம் பிரிவின்படி பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடிக்கு எந்த நீதிமன்றமும் பத்து வருடம் கொடுக்காது என்று வாதாடலாம், கொடுக்காமலும் போகலாம். ஆனால் வழக்கு என்று ஒன்று விழுந்தாலே, வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று வாங்க வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கதி என்ன? வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போகும் மாவட்டம் இது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சேதி. தன் நிலத்தில் கஞ்சா வளர்வது தெரிந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று நாற்பத்தாறாம் பிரிவு நில உடமையாளருக்குக் கடமை வைத்திருக்கிறது. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பையன் ஏதோ அலங்காரச் செடி வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் தெரியாதது போல இருப்பது நல்லதல்ல.

தம்பி விதை கொண்டுவரும் யோசனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எந்த விதையானாலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதியும் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. தக்காளி விதைக்கும் அதே விதிதான். விளைந்ததில் ஒரு துண்டு பெட்டியில் மறந்து கிடந்தால்கூடத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் "அங்கே சட்டப்படி வளர்த்தது" என்ற விளக்கம் எடுபடாது. ஜெர்மனியிலும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம்.

அம்மாவின் மூட்டுவலி. சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டு. உரிமம் பெற்றவர்கள் சுத்திசெய்து, அளவு பார்த்துத் தயாரிப்பவை அவை. நம் மாவட்டத்தில் ஆசான்களுக்கும் வைத்தியர்களுக்கும் பஞ்சமில்லை. அம்மாவை அப்படி ஒருவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். நவீன மருத்துவத்தில் இந்தச் செடியிலிருந்து எடுத்த சிபிடி உறுதியாக நிரூபணமாகியிருப்பது குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களில். அமெரிக்காவில் 2018இல் அதற்கு மருந்தாக அனுமதி கொடுத்தார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அப்படி வலுவான சான்று இல்லை. தொட்டியில் வளர்ந்த செடியின் இலையை அம்மா அரைத்துப் பூசினாலும் கஷாயம் வைத்தாலும் அதில் எவ்வளவு எது இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. எழுபது வயதில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மூட்டுவலியே பரவாயில்லை என்றாகிவிடும்.

மாடித் தொட்டி காலியாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டால், நான் நல்லமிளகு வைக்கச் சொல்வேன். ரகம் தேர்ந்தெடுக்கும் ஆசையும் அதில் தீரும். மேலே ஏறும் கொடியிலிருந்து வெட்டாமல், காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அது ஏறாது. தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். ஏறும் தண்டை வெட்டி வைத்துவிட்டு இது ஏன் புதராகவில்லை என்று இரண்டு வருடம் காத்திருந்தவன் நான், ஆகவே வாங்கும்போது எந்தக் கிளை என்று கேட்டு வாங்குங்கள். வெயில் நன்றாக விழும் மாடி என்றால் பன்னியூர் 1. உதிரங்கோட்டாவையும் செறியகணியக்காடனையும் கலந்து பன்னியூர் ஆய்வு நிலையத்தில் எடுத்த ரகம் அது. சரம் நீளமாக இருக்கும், மணி பருத்திருக்கும், ஆனால் நிழல் ஆகாது. மாடியில் தென்னை ஓலையின் நிழல் பாதி நாள் விழுகிறது என்றால் கரிமுண்டா. மணி சின்னது, நிழலைத் தாங்கும். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் போய் விசாரித்தால் உங்கள் மாடிக்கு எது ஒத்துவரும் என்று சொல்வார்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வரும். ஜூன் மழையிலும் அக்டோபர் மழையிலும் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி அடுத்த முறை விடுமுறைக்கு வரும்போது பச்சை மிளகை உப்பில் ஊறப்போட்டு வையுங்கள், காரியோஃபிலீன் எப்படி மணக்கும் என்று கையில் நசுக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.